சி-யா டி-யா? அத்தானின் கொழுப்புக் கட்டிக்கு ஒரு எண்

போன வருஷம் ஆவணி மாசம், ராத்திரி பத்தரை மணி இருக்கும். மருமகள் போன் பண்ணினாள். அக்கா மகள், சென்னையில் மெடிக்கல் கோடிங் கம்பெனி ஒன்றில் வேலை. "மாமா, அப்பாவோட கிளெய்ம் பேப்பர்ல சி-ன்னு போட்டிருக்கு. யாரும் எங்கிட்ட ஏன் சொல்லல?" அதற்கு மேல் பேச முடியாமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அத்தானுக்கு மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம். வலது தோளில், கை ஆரம்பிக்கிற இடத்தில், எட்டு வருஷமாக ஒரு கட்டி. முதலில் புளியங்கொட்டை மாதிரி இருந்தது, எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. வலி கிடையாது, தொட்டால் வழுக்கி நகரும். மூட்டை தூக்கித் தூக்கி வந்தது என்று அவரே காரணம் சொல்லிக்கொண்டார். சட்டை உரசுகிறது என்று அக்கா நச்சரித்ததால்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்தோம். பயாப்ஸியில் லிப்போமா, அதாவது சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று வந்தது. எல்லோரும் மறந்தே போனோம். பிறகுதான் இந்த சி.

சி என்றால் ஏன் அந்தப் பெண் அழவேண்டும்? அதற்கு ஐசிடி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஐசிடி என்பது நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு. பாரிஸ் நகரப் புள்ளிவிவர அதிகாரி ழாக் பெர்த்திலோன் 1893-ல் முன்வைத்த சாவுக் காரணங்களின் பட்டியல்தான் இதன் ஆரம்பம். 1948-ல் வந்த ஆறாவது திருத்தத்திலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பு. அதில்தான் உயிரோடு இருப்பவர்களின் நோய்களுக்கும் முதல்முறையாக இடம் கிடைத்தது. நம் ஆஸ்பத்திரிகளில் இன்னும் புழங்குவது 1990-ல் ஏற்கப்பட்ட பத்தாவது திருத்தம். ஒரு ஆங்கில எழுத்து, இரண்டு இலக்கம், புள்ளி, அப்புறம் ஒரு இலக்கம். அவ்வளவுதான் ஒரு நோய்.

கட்டிகளுக்கான அத்தியாயம் சி00-ல் தொடங்கி டி48 வரை போகும். சி00 முதல் சி97 வரை புற்றுநோய். டி00 முதல் டி09 வரை தொடங்கிய இடத்தை விட்டு இன்னும் பரவாதவை. டி10 முதல் டி36 வரை சாதுவான கட்டிகள். டி37-லிருந்து டி48 வரை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாதவை. கோடிங் படித்தவர்களுக்கு முதல் எழுத்தைப் பார்த்தாலே வயிறு கலங்கும் என்பது இதனால்தான்.

கொழுப்புக் கட்டி டி17. தலை, முகம், கழுத்தில் தோலுக்கடியில் இருந்தால் டி17.0. உடம்பில் இருந்தால் டி17.1. கை காலில் என்றால் டி17.2. தோலுக்கடியில் வேறெங்காவது, அல்லது இடம் குறிப்பிடாமல் இருந்தால் டி17.3. மார்புக்குள் டி17.4, வயிற்றுக்குள் டி17.5. எங்கே என்றே எழுதாவிட்டால் டி17.9. பெரும்பாலான டிஸ்சார்ஜ் சம்மரிகள் இந்த ஒன்பதில்தான் முடியும், ஏனென்றால் யோசிக்க வேண்டியதில்லை.

அத்தானுடையது தோள். தோள் கையா, உடம்பா? மச்சம் (டி22.6), தோலின் மற்ற சாதுக் கட்டிகள் (டி23.6) எல்லாவற்றிலும் 'தோள் உட்பட மேற்கை' என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். டி17.2-ல் வெறுமனே 'கை கால்கள்' என்றுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டு வழக்கத்தைப் பார்த்து நானும் டி17.2 என்றே வைத்துக்கொண்டேன். இந்த மாதிரி ஓட்டையைப் பார்த்தால் எங்கள் தொழிலில் உடனே ஒரு பக் டிக்கெட் போட்டுவிடுவோம்.

மண்டபத்துக்காரர்களுக்கு வகைப்பாடு புதிதில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை தலைமையகம் மண்டபம் கேம்பில்தான் இருந்தது. கரையில் 'பாறை' என்று கூவி விற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பெயருக்குள் பல இனங்கள் உண்டு, விஞ்ஞானி ஒவ்வொன்றையும் தனியாக எண்ணுவார். நம் 'கட்டி'யும் அப்படித்தான். சீழ்க்கட்டி, நெறி கட்டியது, தோலடி நீர்க்கட்டி, கொழுப்புக் கட்டி, புற்று எல்லாம் நமக்குக் கட்டிதான். என்ன கட்டி என்று டாக்டருக்கே இன்னும் தெரியாதபோது போட ஆர்22 என்று தனியாக ஒரு எண் இருக்கிறது: 'தோலடியில் வீக்கம் அல்லது கட்டி'. கையில் என்றால் ஆர்22.3. தெரியாததைத் தெரியாது என்று பதிவு செய்ய ஒரு இடம் வைத்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

திசுவின் ரகத்துக்கு இன்னொரு எண்ணும் உண்டு. லிப்போமா 8850/0. அதே கொழுப்புத் திசுவில் வரும் புற்றுநோய் லிப்போசார்கோமா 8850/3. கோட்டுக்கு அப்புறம் வரும் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். லிப்போமா நூறு பேரில் ஒருவருக்காவது வரும் என்பார்கள், அது புற்றாக மாறுவது மிக அபூர்வம். ஆனால் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டினால், வேகமாக வளர்ந்தால், வலித்தால், நகராமல் ஆழத்தில் இருந்தால் ஸ்கேன் பார்க்காமல் விடக்கூடாது.

சரி, அத்தானுக்கு என்ன எண் போட்டிருந்தார்கள்? சி00.9. உதட்டுப் புற்றுநோய்!

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பில்லிங் கவுண்டரில் இருந்த பையன் நல்ல பையன்தான், திரையைத் திருப்பிக் காட்டினான். எல், ஐ, பி என்று மூன்று எழுத்து அடித்தால் கீழே ஒரு பட்டியல் வருகிறது. ஆங்கிலத்தில் உதடும் லிப்போமாவும் அதே மூன்று எழுத்தில்தான் தொடங்குகின்றன. பட்டியல் எண் வரிசையில் வருவதால் டி-க்கு முன்னால் சி. அதிலும் சி00 கட்டி அத்தியாயத்தின் முதல் எண். அவசரத்தில் மேலே இருப்பதில் என்டர் தட்டினால் உதட்டில் புற்று. இருபது வருஷம் சாஃப்ட்வேர் எழுதியவன் என்ற முறையில் எனக்குப் பையன் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பட்டியலை எழுதியவன் மேல்தான் வந்தது. நானும் அப்படிப் பட்டியல் எழுதியிருக்கிறேன். உண்மையில் கோடிங் விதிப்படி முதலில் அகரவரிசைச் சுட்டியில் தேடி, பிறகு எண் வரிசைத் தொகுதியில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அந்த இரண்டாவது படிக்கு மென்பொருளில் இடமே இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியோ, உதட்டு பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே என்று கேட்டுக் கடிதம் அனுப்பியிருந்தது. அதைத்தான் மருமகள் பார்த்திருக்கிறாள்.

மாற்றிக் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். பாலிசியைப் பிரித்துப் படித்தபோதுதான் சிக்கல் புரிந்தது. 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் கொடுக்கவேண்டும் என்று வந்த ஆரோக்ய சஞ்சீவனி மாதிரியான பாலிசி. அதில் குறிப்பிட்ட சில நோய்களுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. ஹெர்னியா, ஹைட்ரோசில் வரிசையில் 'உள்ளேயோ வெளியேயோ வரும் எல்லா சாதுக் கட்டிகளும்' என்று ஒரு வரி. புற்றுநோய் அந்தப் பட்டியலில் கிடையாது. அத்தான் பாலிசி எடுத்துப் பதினாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அதாவது சி என்றால் பணம் வர வழியிருக்கிறது. டி என்று உண்மையைச் சொன்னால் வராது. பில் முப்பத்தோராயிரம். "எழுத்தை அப்படியே விட்டுட்டு, உடம்பு பாகத்தை மட்டும் மாத்திக் கேட்டா என்ன?" என்று ஒரு உறவுக்காரர் யோசனை சொன்னார். சி49.1 என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது: தோள் உட்படக் கையின் மென்திசுப் புற்று. பயாப்ஸி ரிப்போர்ட் காட்டிக்கொடுத்துவிடும் என்பது ஒரு பக்கம். காட்டிக்கொடுக்காவிட்டால் இன்னும் மோசம். நாளைக்கு வேறு பாலிசிக்கோ, ஆயுள் காப்பீட்டுக்கோ போனால் 'புற்றுநோய் வந்தவர்' என்ற பதிவு முன்னால் போய் நிற்கும். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்த்த சரித்திரம்!

அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாப்ள, எனக்கு வந்தது என்னவோ அதையே போடச் சொல்லு" என்றார். கருவாடு காய்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

திருத்திய சம்மரியில் டி17.2 வாங்க மூன்று முறை அலைந்தேன். கிளெய்ம் எதிர்பார்த்தபடியே நிராகரிக்கப்பட்டது. அந்தக் கடிதத்தையும், பயாப்ஸி ரிப்போர்ட்டையும், பழைய சி00.9 தவறு என்று ஆஸ்பத்திரி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளையும் ஒரே ஃபைலில் வைத்து அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லைப் பார்க்கிற மாதிரியே அந்த எண்ணையும் ஒரு தரம் பாருங்கள். கிளெய்ம் படிவத்தின் ஆஸ்பத்திரி நிரப்பும் பகுதியில், நோய்ப் பெயருக்குப் பக்கத்தில் ஐசிடி என்று ஒரு கட்டம் இருக்கும். கட்டி என்று போனவருக்கு முதல் எழுத்து என்ன என்று பார்த்தால் போதும்.

2022 ஜனவரி முதல் பதினோராவது திருத்தம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் கொழுப்புக் கட்டிகளின் எண் 2இ80. பழைய சி, டி எழுத்துகளே போய்விட்டன. நம் ஆஸ்பத்திரிகள் அதற்கு மாறும்போது மூன்றெழுத்துப் பட்டியல் எதை மேலே காட்டுமோ!

போன வாரம் அத்தானுக்கு இடது முழங்கைக்கு மேல் இன்னொரு சின்னக் கட்டி. இவை சிலருக்கு ஒன்றுக்கு மேல் வரும். "இதுக்கு என்ன நம்பர் மாப்ள?" என்றார். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை ஆர்22.3, கொழுப்புக் கட்டிதான் என்றால் அதே டி17.2 என்றேன். அமெரிக்கா என்றால் இடது கைக்குத் தனியாக டி17.22 என்று மருமகள் திருத்தினாள்.

காத்திருப்புக் காலம் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. இதற்கு அவசரமில்லை.