இரவு 2 மணிக்கு ஓடும் சில்லர்: கேம்பஸ் மின்சாரமும் அதைப் பார்த்துக்கொள்பவர்களின் படிப்பும்

என் கல்லூரி நண்பன் ஒருவன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எஸ்டேட் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான். போன வருஷம் மே மாதம் ஒரு எக்ஸெல் ஃபைலை அனுப்பி, "கரண்ட் பில் குறையவே மாட்டேங்குது, உனக்குத்தான் டேட்டா பாக்குறது பொழுதுபோக்காச்சே, பாத்துச் சொல்லு" என்றான். அது உயரழுத்த மீட்டரிலிருந்து எடுத்த லோடு சர்வே. அரை மணிக்கு ஒருமுறை எவ்வளவு மின்சாரம் போனது என்ற பதிவு.

முதலில் பார்த்தது இரவு 2 மணியை. எந்தக் கட்டடமானாலும் அங்கிருந்து ஆரம்பிப்பதுதான் நல்லது. பகலில் நூறு காரணம் இருக்கும். இரவு 2 மணிக்கு, அதுவும் மாணவர்கள் ஊருக்குப் போன மே மாதத்தில், கல்லூரிக்கு என்ன வேலை? தெருவிளக்கு, சர்வர் அறை, ஹாஸ்டலில் சில ஃபிரிட்ஜ், செக்யூரிட்டி அறை. நண்பன் பட்டியல் போட்டுக் கூட்டினான், 80 கிலோவாட் வந்தது. மீட்டர் 140 காட்டியது. மிச்சம் 60 கிலோவாட், இரவு 9-லிருந்து காலை 6 வரை, ஒன்பது மணி நேரம். ஒரு இரவுக்கு 540 யூனிட். வருஷம் முழுக்க இப்படியே போனால் ஏறக்குறைய 2 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 16 லட்சம் ரூபாய்.

அந்த 60 கிலோவாட் எது என்று கண்டுபிடிக்க சென்சார் வைக்கலாமா, சாஃப்ட்வேர் எழுதலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நண்பன் போய் இரவு ஷிஃப்ட் ஆபரேட்டரிடம் கேட்டான். அவர் உடனே சொன்னார்: "கம்ப்யூட்டர் பிளாக் சில்லர் சார். ஒருதடவை ஞாயித்துக்கிழமை பிளேஸ்மென்ட் வச்சாங்கல்ல, அப்ப டைமரை பைபாஸ்ல போட்டது. அப்புறம் யாரும் மாத்தச் சொல்லல."

"தெரிஞ்சும் ஏன்ணே விட்டீங்க?"

"ஆஃப் பண்ணினா காலையில லேப் சூடா இருக்குன்னு எச்.ஓ.டி. கம்ப்ளெயின்ட் பண்ணுவாரு. ஓடினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார்."

இந்தப் பதிவுக்குக் காரணமே இந்தக் கடைசி வரிதான். கேம்பஸ் மின்சாரம் என்றதும் சோலார் பேனல், எல்.இ.டி., ஸ்மார்ட் மீட்டர் என்று பேசுகிறோம். பேனல் ரூமில் நிற்கிற ஆளுக்கு யார் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதைத் தேடிப் படித்ததில் கிடைத்தவை இங்கே.

அப்படி என்ன கற்றுக்கொள்ள இருக்கிறது?

"ஸ்விட்சை ஆஃப் பண்ணத் தெரியாதா" என்று தோன்றலாம். இதே சில்லரை எடுத்துக்கொள்வோம்.

இரவு அணைத்துவிட்டு, காலை 8.30-க்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் இரண்டு பிரச்சினை. ஒன்று, கட்டடம் முழுக்கச் சூடேறி இருக்கும், 9 மணி வகுப்பில் புழுங்கும். எச்.ஓ.டி. கோபப்படுவது நியாயம்தான். இரண்டு, மேக்சிமம் டிமாண்ட். உயரழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு மட்டும் காசு இல்லை. அந்த மாதத்தில் எந்த நேரத்தில் மிக அதிகமாக இழுத்தீர்களோ அந்த அளவுக்கும், கே.வி.ஏ. கணக்கில், தனியாகக் காசு. தமிழ்நாட்டில் பதிவான டிமாண்ட் அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், எது அதிகமோ அதற்குப் பில் வரும். ஒரே ஒரு நாள் ஏறினாலும் அந்த மாதம் முழுவதற்கும் அதுதான் கணக்கு.

இதில் பரவலான ஒரு தவறான எண்ணம் உண்டு. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒருசில நொடி இழுக்கிற பெரிய கரண்ட்டால்தான் டிமாண்ட் ஏறுகிறது என்று பல ஆபரேட்டர்கள் நினைக்கிறார்கள். மீட்டர் பார்ப்பது நொடிக் கணக்கை அல்ல, ஒரு குறிப்பிட்ட கால அளவின் (அரை மணி அல்லது கால் மணி) சராசரியை. ஆக ஸ்டார்ட்டிங் கரண்ட் பெரிய விஷயமில்லை. சில்லர், போர்வெல் மோட்டார், ஹாஸ்டல் பம்ப் எல்லாம் அந்த அரை மணி முழுக்கச் சேர்ந்து ஓடுவதுதான் விஷயம். பம்ப்பை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டால் யூனிட் ஒன்றுகூடக் குறையாது, டிமாண்ட் குறையும்.

அப்படியானால் சரியான வேலை "ஆஃப் பண்ணு" என்பது மட்டும் இல்லை. இரவு அணைக்க வேண்டும். காலையில் வகுப்புக்கு முக்கால் மணி முன்னால், பம்ப்புகள் ஓடாத நேரத்தில், ஏ.எச்.யூ.க்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எத்தனை நிமிடம் முன்னால் என்பது கட்டடத்துக்குக் கட்டடம், மாதத்துக்கு மாதம் மாறும். அதை அளந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். இது ஸ்விட்ச் போடுகிற வேலை இல்லை, கணக்கும் கவனிப்பும் சேர்ந்த தொழில்.

இன்னொரு உதாரணம். ஏ.எச்.யூ. விசிறிகளுக்கு வி.எஃப்.டி. வாங்கி மாட்டியிருப்பார்கள். போய்ப் பார்த்தால் மேனுவலில் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். அதாவது முழு வேகம். அந்த டிரைவ் இருந்தும் இல்லாத மாதிரி. விசிறியின் வேகத்தைக் குறைத்தால் அது இழுக்கும் பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் குறையும். 50-லிருந்து 40 ஹெர்ட்ஸ் என்றால் வேகம் 0.8. 0.8 × 0.8 × 0.8 = 0.512. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் பவர் கிட்டத்தட்டப் பாதியாகிறது. ஆனால் இதையே மேல்மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பில் செய்தால் இந்தக் கணக்கு வராது. தொட்டியின் உயரம் குறையாதே! வேகத்தை ஓரளவுக்கு மேல் குறைத்தால் தண்ணீர் மேலே போகவே போகாது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரிவதற்குத்தான் பயிற்சி.

இந்தியாவில் என்ன இருக்கிறது?

2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002 மார்ச்சில் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. சிமெண்ட், ஸ்டீல், உரம் போன்ற அதிகம் எரிக்கும் ஆலைகள் தகுதி பெற்ற எனர்ஜி மேனேஜர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தகுதிக்காக ஒரு தேசியத் தேர்வு. மேனேஜருக்கு மூன்று தாள்: எரிசக்தி மேலாண்மையின் பொது விஷயங்கள், வெப்பம் சார்ந்த சாதனங்கள், மின்சாரம் சார்ந்த சாதனங்கள். ஆடிட்டர் ஆக வேண்டுமானால் நான்காவதாக ஒரு தாள்.

தேர்வுக்கான நான்கு கையேடுகளையும் பணியகமே வெளியிட்டிருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும். நான் மூன்றாவதைப் படித்தேன். மோட்டார், கம்ப்ரஸர், ஏ.சி., பம்ப், கூலிங் டவர், டீசல் ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம், கணக்குகளோடு. என் இன்ஜினியரிங் படிப்பில் நான்கு வருஷம் உட்கார்ந்தும் புரியாத சில விஷயங்கள் இதில் புரிந்தன. ஆர்வம் இருப்பவர்கள் தேர்வு எழுதாவிட்டாலும் படிக்கலாம்.

ஆனால் தேர்வை யார் எழுத முடியும்? பொறியியல் பட்டம் என்றால் மூன்று வருஷ அனுபவம் வேண்டும். டிப்ளமோ என்றால் ஆறு வருஷம். ஐ.டி.ஐ. படித்தவருக்கு எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் இந்த வழி இல்லை. அவர்களுக்கு இருப்பது வயர்மேன், சூப்பர்வைசர் தகுதிச் சான்றிதழ்கள். அவை பாதுகாப்புக்கானவை: ஷாக் அடிக்காமல், தீப்பிடிக்காமல் வேலை செய்யத் தெரியுமா என்று பார்ப்பவை. அது ரொம்ப முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் "இந்த மெஷின் இப்போது ஓட வேண்டுமா" என்ற கேள்வி அங்கே வருவதில்லை.

ஆக மேனேஜருக்குப் படிப்பு இருக்கிறது, ஆடிட்டருக்கு இருக்கிறது. நண்பனின் கல்லூரியில் 60 கிலோவாட் எங்கே போகிறது என்று தெரிந்திருந்த ஒரே ஆளுக்கு எதுவும் இல்லை.

அமெரிக்காவில் ஒரு படி கூடுதல்

பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்வது ஒரு தனித் தொழில் என்பதை அமெரிக்காவில் சீக்கிரமே ஒத்துக்கொண்டார்கள். அந்தக் கண்காணிப்பாளர்கள் சேர்ந்து 1914-லேயே ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்று ஆப்பா என்ற பெயரில் அது பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. அதுவும் பெரும்பாலும் மேனேஜர்களுக்குத்தான்.

என்னைக் கவர்ந்தது வேறொன்று: பில்டிங் ஆபரேட்டர் சர்டிஃபிகேஷன். 1990-களின் நடுவில் வாஷிங்டன், ஓரிகன் பக்கம் ஆரம்பித்தது. பெயரிலேயே இருக்கிறது, இது ஆபரேட்டருக்கு. முதல் நிலை சுமார் 74 மணி நேரம். வேலையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. மாதங்களாகப் பரப்பி, இடையிடையே வகுப்பு. முக்கியமான விஷயம், வீட்டுப்பாடம் தன் சொந்தக் கட்டடத்திலேயே. தன் கட்டடத்தின் பில்லை எடுத்துக் கணக்குப் போட வேண்டும், அதன் மின் வழித்தடத்தைத் தானே வரைய வேண்டும். முடித்த பிறகும் தொடர்ந்து படித்தால்தான் சான்றிதழ் செல்லுபடியாகும்.

"தொடர்ந்து" என்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு டெக்ஸஸ் போக வேண்டும். 1980-களின் கடைசியில் அந்த மாநிலம் அரசுக் கட்டடங்களில் மின்சேமிப்புக்குக் கடன் கொடுக்கும் லோன்ஸ்டார் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கடன் நிஜமாகவே மிச்சம் பிடிக்கிறதா என்று பார்க்க மீட்டர்கள் வைத்தார்கள், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த டேட்டாவைப் படித்தார்கள். அப்போது தெரிந்தது, புதுச் சாதனம் எதுவும் வாங்காமல், இருப்பதைச் சரியாக ஓட்டினாலே நிறைய மிச்சமாகிறது. டைமர், வெப்பநிலை செட்டிங், ஒரே நேரத்தில் சூடாக்கிக் குளிர வைப்பது மாதிரியான விஷயங்கள். 2002-இல் அமெரிக்க எரிசக்தித் துறைக்காக அவர்கள் எழுதிய கையேடு, சராசரி மிச்சம் சுமார் 20 சதவீதம் என்கிறது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சில வருஷம் கழித்துத் தங்கள் கேம்பஸிலேயே பத்துக் கட்டடங்களைத் திரும்பப் போய் அளந்தார்கள். பெரும்பகுதி மிச்சம் நின்றது, ஆனால் ஒரு பகுதி நழுவியிருந்தது. நழுவியதில் பெரும்பங்கு ஓரிரு கட்டடங்களில். வால்வு கசிவு, செத்துப்போன சென்சார், யாரோ மாற்றிய கன்ட்ரோல் செட்டிங். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை.

சாஃப்ட்வேர்காரர்களுக்கு இது பழகிய கதை. ரிலீஸ் அன்று எல்லா டெஸ்ட்டும் பச்சை. ஆறு மாதம் யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கட்டடமும் அப்படித்தான். அதைத் தினமும் பார்க்கிறவர் ஆபரேட்டர் மட்டுமே.

அப்புறம் என்ன ஆச்சு?

நண்பன் டைமரைச் சரிசெய்தான். அதோடு விடாமல் அந்த ஆபரேட்டரை உட்கார வைத்து அரை மணிக் கோட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தான். காலையில் முக்கால் மணி முன்னால் போட வேண்டும் என்பதை அவரே ஒரு வாரம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துச் சொன்னார். எச்.ஓ.டி.க்கு வித்தியாசமே தெரியவில்லை. இரவு 2 மணிக் கோடு 80 பக்கம் வந்தது. இரண்டு மாதம் கழித்து, ஹாஸ்டல் தொட்டியின் ஃப்ளோட் ஸ்விட்ச் கெட்டுப்போய் பம்ப் விடிய விடிய ஓடுவதை, யாரும் கேட்காமலே அவர் வந்து சொன்னார்.

நண்பன் நிர்வாகத்திடம் போய், இவரையும் இன்னும் நான்கு பேரையும் ஒரு பயிற்சிக்கு அனுப்பலாம் என்று கேட்டான். பதில்: "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே, கான்ட்ராக்ட் ஆளுங்கதானே. நாம செலவு பண்ணி, அவங்க வேற இடத்துக்குப் போயிட்டா?" கான்ட்ராக்ட் கம்பெனியைக் கேட்டான். அவர்களுக்கு ஒப்பந்தத்தில் தலைக்கு இவ்வளவு என்று காசு, யூனிட் குறைந்தால் அவர்களுக்கு என்ன வந்தது? இரண்டு பேர் சொன்னதும் அவரவர் கணக்கில் சரிதான். 16 லட்சம் மட்டும் யார் கணக்கிலும் இல்லை.

டிசம்பரில் அந்த ஆபரேட்டரைக் கம்பெனி வேறு ஊரில் ஒரு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டது. புது ஆள் வந்தார், நல்லவர், அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. போன மாதம் நண்பன் அனுப்பிய ஃபைலைத் திறந்து முதலில் இரவு 2 மணியைப் பார்த்தேன். 135 கிலோவாட்.

இப்போது இரண்டு வேலை நடக்கிறது. அடுத்த ஒப்பந்தத்தில் ஆபரேட்டர் பயிற்சிக்கு ஒரு வரியும், ஆள் மாறினால் பழையவர் ஒரு வாரம் கூட இருந்து ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லி நண்பன் கேட்டிருக்கிறான். இன்னொன்று, பேனல் ரூம் சுவரில் தமிழில் ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறான்: எதை எத்தனை மணிக்குப் போடணும், எப்போது அணைக்கணும், டைமரை பைபாஸில் போட்டால் யார் பெயரை, என்ன தேதியை எழுதணும், காலையில் மீட்டரில் என்ன நம்பர் வரணும். அந்தப் பக்கத்தை எழுத, மருத்துவமனைக்குப் போன பழைய ஆபரேட்டருக்குத்தான் போன் பண்ணியிருக்கிறான். முக்கால் மணி நேரம் பேசினாராம்.