மாரடைப்புக்குப் பின் எக்கோ உரைப்பது

மாரடைப்பினின்று பிழைத்தவரை வீட்டிற்கு அழைத்து வரும் நாளில், 'கண்டம் கழிந்தது' எனக் கூறி உறவினர் ஆறுதல் கொள்வது நம் பகுதி வழக்கம். ஆயின் கண்டம் முற்றும் கழிந்துவிடுவதில்லை. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை, மாரடைப்புச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளை ஒன்றோடொன்று இணைத்து, 2,420 நோயாளரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பெற்றது. அதனால் ஓராண்டுக்குள் நிகழும் இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. மகிழத்தக்கதே, எனினும் நூற்றுவரில் பதினால்வர் ஓராண்டைக் கடக்கவில்லை. அவருள் பலர் மருத்துவமனையை விட்டு நீங்கிய பின்னரே இறந்தனர். அத்தகு இடருக்கு உள்ளாகக்கூடியவர் யாவர் என்பதை முன்னறியத் துணைபுரிவனவே இதயப் படங்கள்.

அவற்றுள் எளியது எக்கோ. 1953இல் சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்னும் இருவர் இதனைத் தொடங்கினர். கப்பல் கட்டுந்தளத்தில் உலோகப் பழுதைக் கண்டறியப் பயன்பட்ட மீயொலிக் கருவியே அவர்க்கு வழிகாட்டிற்று என்பது வியப்புக்குரியது.

இதயத்தின் இடது கீழறை, தன்னுள் நிறைந்த குருதியில் எத்துணைப் பங்கை ஒரு துடிப்பில் வெளியேற்றுகிறது என்பதே எக்கோ அறிக்கையின் தலையாய எண். 120 மில்லி நிறைந்து 72 மில்லி வெளியேறின், அது 60 விழுக்காடு. நலமுள்ள இதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. ஆதலின் 55 எனக் கண்டு, 'பாதிதானா' என அஞ்ச வேண்டா. இவ்வெண் 40க்குக் கீழ் இறங்க இறங்க இறப்பு மிகுதல் 1983இல் அமெரிக்க ஆய்வொன்றால் புலனாயிற்று. சுருங்கிய பின்னும் அறையில் எஞ்சி நிற்கும் குருதியின் அளவு அதனினும் நன்கு முன்னுரைக்கும் என 1987இல் நியூசிலாந்து மருத்துவர் காட்டினர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. முதல் வாரத்து எண் முடிவான எண் அன்று. பாளையங்கால்வாயில் நீர் நின்று வயல் வாடியபின் மீண்டும் நீர் பாய்ந்தால், சில பயிர் தலைதூக்கும். சில கருகியே போகும். முதல் நாள் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே சாய்ந்து கிடக்கும். இதயத் தசையும் அவ்வாறே. அடைப்பு நீங்கிய பின்னும் சில பகுதிகள் உயிரோடிருந்தே பல நாள் செயலற்றிருக்கும், சில வடுவாகிவிடும். எம்.ஆர்.ஐ. படத்தில் கடோலினியம் என்னும் மருந்து தங்குவதால் வடு வெண்மையாகத் தோன்றும். தசையின் முழுத் தடிப்பிலும் வடு ஊடுருவியிருப்பின், அப்பகுதி மீள்வது அரிது. செலவு மிக்க அச்சோதனை எல்லார்க்கும் வேண்டுவதில்லை. பெரும்பாலோர்க்கு எக்கோவே போதும்.

எனவேதான் நாற்பது நாள் கழிந்த பின்னர், பன்னிரண்டு வாரங்களுக்குள், மறு எக்கோ எடுக்குமாறு மருத்துவர் கூறுகின்றனர். நாற்பது என்னும் கணக்கு பிள்ளை பெற்ற வீடுகளில் நமக்குப் பழகியதுதானே! உரிய மருந்துகளை உட்கொண்ட பின்னும் எண் 35க்கு மேல் ஏறாதவர் பலர்க்குத் திடீர் மரணத்தைத் தடுக்கும் மின்கருவியை மார்பில் பொருத்துவது பற்றி அப்போதே முடிவு செய்யப்படும். முதல் நாற்பது நாளுக்குள் அவசரப்பட்டுப் பொருத்துவதால் மொத்த இறப்பு குறையவில்லை என்பது 2004இல் வெளிவந்த ஆய்வின் முடிபு.

நம்மவரிடையே தவறிப்போவது இவ்விரண்டாம் எக்கோவே. நெஞ்சுவலி இல்லை, நடக்கவும் முடிகிறது. பின் எதற்கு அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்தேறிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கு வருவானேன் என எண்ணுகின்றனர். முதல் அறிக்கை பீரோவில் துயில்கிறது. அதனை எடுத்து, தந்தையார்க்கு நாற்பது நாள் என்று நிறைகிறது எனக் கணக்கிட்டு, மருந்துச் சீட்டுடன் அவரை அழைத்துச் செல்லும் பணி வீட்டிலுள்ள மாணவர்களுடையது.