மிளகுக்கு வந்த கல்

"கீரை கொடுத்ததற்கா கல் வந்தது?" என்று என் மாமியார் மூன்றாவது முறையாகக் கேட்டார். நான் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் மிளகின் அடிவயிற்றில், சிறுநீர்ப்பை இருக்குமிடத்தில், பட்டாணி அளவில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பொட்டு.

மிளகு என்பது எங்கள் வீட்டுக் கினிப்பன்றி. அதன் ஜோடி சீரகம். 2021-இல், பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த நாட்களில், மகளின் பிடிவாதத்துக்காக வாங்கியவை. தலைநகரில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் இப்போது இந்தப் பிராணி வளர்வதைப் பார்க்கிறேன். நாயைப் போல வெளியே அழைத்துப் போக வேண்டாம், குரைக்காது, அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது என்பதுதான் காரணம். பெயரில்தான் பன்றி. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் புல் தின்று வாழ்ந்த கொறிக்கும் இனம் இது. அந்தப் புல்லை நாங்கள் மறந்ததுதான் கதையே.

முதல் அறிகுறியை மகள்தான் கவனித்தாள். சிறுநீர் கழிக்கும்போது மிளகு முதுகைக் கூனிக்கொண்டு கீச்சென்று கத்தியது. விரித்திருந்த துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. "பாட்டி, மிளகுக்கு எங்கேயோ வலிக்கிறது" என்றாள். கினிப்பன்றி பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. வளர்ப்பவர்கள் அந்த விலாசத்தை முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"என்ன கொடுக்கிறீர்கள்?" என்றார் மருத்துவர். மாமியார் பெருமையாகவே பட்டியல் போட்டார்: மாடித் தோட்டத்துக் கறிவேப்பிலை, எதிர்வீட்டு முருங்கைக் கொழுந்து, மார்க்கெட்டில் கிடைத்த அன்றைக்கெல்லாம் அகத்தி, குளிர்காலத்தில் வெந்தயக்கீரை. ஊரில் துவாதசிக்குப் பசுவுக்கு அகத்தி கொடுத்த கை அது. வாயில்லா ஜீவனுக்குச் சத்தானதைக் கொடுப்பதில் என்ன தவறு? போதாக்குறைக்கு, புல் விற்பவனிடம் பர்சீம் கட்டு வாங்கிப் போட்டது நான்.

மருத்துவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நாம் கால்சியம் அதிகம் சாப்பிட்டால், நம் குடல் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியைப் பெரும்பாலும் மலத்தோடு அனுப்பிவிடும். கினிப்பன்றியின் குடலுக்கு அந்தக் கணக்கு அவ்வளவாகத் தெரியாது. வந்ததில் பெரும்பங்கை உள்ளே வாங்கிவிடுகிறது. மிச்சத்தைச் சிறுநீர்தான் வெளியே தள்ள வேண்டும். அதன் சிறுநீர் இயல்பாகவே காரத்தன்மை கொண்டது, கொஞ்சம் கலங்கலாகவும் இருக்கும். காய்ந்தால் வெண்மையாகச் சற்றுப் படிவது சகஜம். அதுவே தொட்டால் மணல் போல நெருடினால் எச்சரிக்கை. அதன் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு.

இனி அட்டவணையைப் பாருங்கள். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய கணக்குப்படி 100 கிராம் அகத்தியில் 1130 மி.கி. கால்சியம், கறிவேப்பிலையில் 830, முருங்கைக்கீரையில் 440, வெந்தயக்கீரையில் 395. குடைமிளகாயிலும் வெள்ளரியிலும் வெறும் 10. எங்கள் வீட்டில் நல்லது என்று தேடித் தேடிக் கொடுத்ததெல்லாம் பட்டியலின் உச்சியில் இருந்தவை! பர்சீமும், குதிரைமசால் எனப்படும் லூசர்னும் பயறு வகைத் தீவனங்கள். சாதாரணப் புல்லைவிடக் கால்சியம் அவற்றில் மிக அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினைப்பட்ட பெண்ணுக்கும் லூசர்ன் ஆகும்; வளர்ந்ததற்கு ஆகாது.

ஆனாலும் பழியைக் கீரை மேல் மட்டும் போட முடியாது என்றார் அவர். வயது, உடல்வாகு, கிருமித்தொற்று, தண்ணீர் குறைவு எல்லாம் சேர்ந்துதான் கல் ஆகிறது. ஒரே தட்டில் தின்ற சீரகத்துக்கு ஒன்றுமில்லையே! மாமியாருக்கு இதுதான் கொஞ்சம் ஆறுதல்.

உருவான கல்லைத் தீவனத்தால் கரைக்க முடியாது. மிளகுக்கு அறுவை சிகிச்சைதான் நடந்தது. பிழைக்குமோ என்று அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிழைத்தது. ஆனால் ஒருமுறை வந்த பிராணிக்குத் திரும்ப வரும் வாய்ப்பு உண்டு என்பதால், அன்றிலிருந்து சாப்பாட்டுத் தட்டே மாறிவிட்டது.

தட்டில் முக்கால் பங்குக்கு மேல் புல். காய்ந்த டிமோதி அல்லது ஓட்ஸ் புல் இப்போது கடைகளில் கிடைக்கிறது. பிள்ளையாருக்கு வாங்கும் அறுகம்புல்லும் நன்றாகத் தின்னும், மருந்து அடிக்காததாகப் பார்த்துக் கழுவிப் போட வேண்டும். பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வதால் தேய்வதற்கும் புல்தான் வழி. குச்சித் தீவனம் என்றால் லூசர்ன் கலக்காததாகப் பார்த்து, நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி.

கால்சியம் அறவே கூடாது என்பதும் இல்லை. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும். கொத்துமல்லி இரண்டு காம்பு எப்போதாவது கொடுக்கிறோம். வைட்டமின் சி மட்டும் தினமும் கட்டாயம். நம்மைப் போலவே கினிப்பன்றியாலும் அதை உடலில் தயாரிக்க முடியாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மி.கி. வரை தேவை, குடைமிளகாயில் ஒரு கீற்று போதும். சொட்டு மருந்தைக் குடிநீரில் கலக்காதீர்கள். சத்தும் சீக்கிரம் கெடும், ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறையும். இந்த நோய்க்குத் தண்ணீர்தான் பாதி மருந்து. புட்டியோடு ஒரு கிண்ணத்திலும் வைக்கிறோம். காய்களை ஈரம் சொட்டச் சொட்டவே கொடுக்கிறோம்.

வாழைத்தண்டுச் சாறு கொடுக்கலாமா என்று சங்கத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம். நமக்கு அதிகம் வருவது ஆக்ஸலேட் கல். இது வேறு ரகம். அதைவிட முக்கியம், நீர்க்கடுப்புதானே என்று வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்து வாய்வழியே போனால் அதன் குடல் கிருமிகள் சமநிலை கெட்டு உயிரே போகலாம். ஆண் பிராணி சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினாலோ, எந்தப் பிராணியும் அரை நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தாலோ, காலை வரை காத்திருக்கக் கூடாது.

மிளகுக்கு இப்போது சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுக்கிறோம். சென்ற முறை சுத்தமாக இருந்தது. அகத்தி வாங்குவதை மாமியார் விடவில்லை. அதெல்லாம் எங்கள் தட்டுக்கு வந்துவிடுகிறது. சாயங்காலம் குடைமிளகாயை விதை எடுத்து, ஊசி ஊசியாக நறுக்கி, இரண்டு கிண்ணத்தில் சரிசமமாகப் போடுவது அவர்தான். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.