மூன்று முறை எழுந்து வந்த பையன்

பெற்றோர்களே, "கடவுள் பேசுவார் என்கிறீர்களே, எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே அம்மா" என்று உங்கள் பதினான்கு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? "ஒழுங்காக ஜெபம் பண்ணு, கேட்கும்" என்று சொல்லிவிட்டு நம்மில் பலர் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுகிறோம்.

வேதத்தில் சாமுவேலின் கதை நமக்குத் தெரிந்ததுதான். இரவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட, பெரியவர் ஏலிதான் அழைக்கிறார் என்று சிறுவன் ஓடிப்போனான். ஒரு முறையல்ல, மூன்று முறை. ஆண்டவரின் குரல் அவனுக்குப் பழகிய பெரியவரின் குரலாகவே பட்டது. யோசித்துப் பாருங்கள். நம் குரல் எந்நேரமும் ஏச்சாக இருந்தால், கடவுளும் ஏசுகிறவராகத்தானே பிள்ளைக்குத் தோன்றுவார்?

தூக்கத்தைக் கெடுத்தான் என்று ஏலி எரிந்து விழவில்லை. மூன்றாம் முறை விஷயம் புரிந்ததும், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக் கொடுத்து அனுப்பினார். பையனுக்குப் பதிலாகத் தாம் போய்க் கேட்கவில்லை. காலையில் கிடைத்த செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கே எதிரானது. அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லி, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பெற்றோருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

நம் நாட்டுப் பிள்ளை ஒருவரையும் பாருங்கள். பஞ்சாபில் 1889ல் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர் சுந்தர் சிங். வழிபாடு முடியாமல் அவருடைய தாயார் காலை ஆகாரம் கொடுக்கமாட்டார். அந்தத் தாய் இறந்தபோது பையனுக்கு வயது 14. துக்கமும் கோபமும் சேர்ந்து, சுவிசேஷப் புத்தகத்தைத் தீயில் போட்டார். வாழ்வே வெறுத்த நிலையில், 1904 டிசம்பரில் ஒரு நாள் விடியுமுன் எழுந்து, மெய்யான கடவுள் தன்னைக் காட்டட்டும் என்று மன்றாடினார். கிறிஸ்து தம்மோடு பேசியதாகப் பின்னாளில் சொன்னார். 1905ல் தம் 16ஆம் பிறந்தநாளில் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். 1918ல் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வந்து பேசிய சாது அவர்தான். விடியலில் அமர்ந்து தேடும் பழக்கத்தை விதைத்தவர், கிறிஸ்தவர் அல்லாத அந்தத் தாய்!

அந்த அமைதிக்கு இன்று எங்கே போவது? புக்கிட் பாஞ்சாங்கில் 1999 முதல் ஓடும் குட்டி ரயில் வீடுகளை நெருங்கும்போது அதன் கண்ணாடி மங்கிவிடும். பிறர் பார்வை வீட்டுக்குள் வராது. ஆனால் கைப்பேசி கொண்டுவரும் இரைச்சலுக்கு எந்தக் கண்ணாடி மங்கும்? அதே வட்டாரத்தில் மலாயா ரயில் 2011 ஜூன் 30 வரை ஓடிய பழைய பாதை, இப்போது நடைபாதையாக இருக்கிறது. கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு மகனோடோ மகளோடோ அங்கே நடந்து பாருங்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பெரட்டுக்கு முந்திய இருட்டே போதும். சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதி, பிறகு பத்து நிமிஷம் மௌனம்.

மனதில் தோன்றுவதெல்லாம் கடவுளின் குரலாகிவிடாது. அது வேதத்துக்கு ஒத்ததா, அன்பை வளர்க்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். அவசரப்படாமல், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். "நீ எதற்கும் உதவாதவன்" என்று நசுக்கும் எண்ணம் ஆண்டவருடையதல்ல. தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால், ஜெபத்தோடு நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. நமக்குப் பிடித்த படிப்பையும் நமக்குப் பிடித்த வேலையையும் "கடவுள் சொன்னார்" என்று பிள்ளைமேல் சுமத்த வேண்டாம். இன்றிரவு உங்கள் பிள்ளை மூன்று முறை எழுந்து வந்தாலும் முகம் சுளிக்காமல் கேளுங்கள். நாம் காது கொடுத்தால்தான் அதுவும் காது கொடுக்கக் கற்றுக்கொள்ளும்.