மேகம் கூட்டும் வெயில்

திரள்மேகங்கள் ஆங்காங்கே மிதக்கும் ஒரு நண்பகலில், சூரியன் மேகத்தின் ஓரத்தைவிட்டு விலகி வெளிப்படும் சில நொடிகளில், துளி மேகமும் இல்லாத நாளைவிட அதிக வெயில் தரையில் விழுவதுண்டு. நேர் ஒளி தடையின்றி வர, சுற்றியுள்ள மேகங்கள் சிதறடிக்கும் ஒளியும் அதோடு சேர்ந்துகொள்கிறது. வளிமண்டலத்தின் உச்சியில் சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் சூரிய ஆற்றல் வருகிறது. தெளிந்த நாளின் உச்சிவேளையில் அதில் ஏறத்தாழ 1000 வாட் தரையை எட்டும். மேக ஓரத்து வெயில் சில சமயம் அந்த 1361-ஐயே தாண்டிப் பதிவாகியிருக்கிறது.

இதைப் பிடிக்கத் தரையில்தான் கருவி வேண்டும். செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் மேல்முதுகை; அதுவும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை. நொடிக்கணக்கில் மாறும் வெயில் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

தரையில் இந்த வேலையைச் செய்வது பைரனோமீட்டர். இரண்டடுக்குக் கண்ணாடிக் கவிகைக்குள் கறுப்புப் பூச்சுப் பூசிய சிறு வட்டு. வெயிலில் வட்டு சூடாகும். அதற்கும் கருவியின் உடலுக்குமான வெப்ப வேறுபாட்டை அடியிலுள்ள உலோக இணைப்புகள் மின்னழுத்தமாக மாற்றும். 1000 வாட் வெயிலுக்குக் கிடைப்பது 10 மில்லிவோல்ட் அளவுதான். கவிகைமேல் படியும் தூசு, பனித்துளி, காக்கை எச்சம் எல்லாமே கணக்கைக் கெடுக்கும். அதனால் அதை அடிக்கடி மென்துணியால் துடைத்தாக வேண்டும். நள்ளிரவில் இந்தக் கருவி பூஜ்யத்துக்குக் கீழே சில வாட் காட்டும். பழுதல்ல. தெளிந்த வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து கவிகை குளிர, வட்டும் தன் வெப்பத்தை அதற்குப் பறிகொடுக்கிறது. இருளிலும் வானத்தோடு கொடுக்கல் வாங்கல் நிற்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் இன்னொரு பைரனோமீட்டர் இருக்கும். சூரியனோடு நகரும் கையின் நுனியில் ஒரு சிறு கறுப்புப் பந்து. அதன் நிழல் பகல் முழுக்க இந்தக் கவிகைமேலேயே விழும். நேர் ஒளி மறைக்கப்படுவதால், சிதறிய ஒளி மட்டும் தனியே அளக்கப்படுகிறது. மேகம் எவ்வளவு ஒளியை மறைத்தது, எவ்வளவு சிதறடித்தது என்பது இரண்டு கருவிகளின் கணக்கையும் ஒப்பிட்டால் புரியும்.

அடுத்தது வான்கேமரா. மீன்கண் வில்லையால் முழு வானத்தையும் ஒரே வட்டப் படமாக எடுக்கும். நீல வானத்தில் சிவப்பு ஒளி குறைவு. மேகத்தில் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய சமம். ஒவ்வொரு புள்ளியிலும் இந்த விகிதத்தைப் பார்த்தே கணினி மேகத்தைப் பிரிக்கிறது. சூரியனைச் சுற்றிய கண்கூசும் பகுதியிலும் புழுதி மூட்டத்திலும்தான் அது தடுமாறும். மேகத்தின் அடித்தளம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைச் சீலோமீட்டர் சொல்லும்: லேசர் துடிப்பை மேலே அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை அளக்கும்.

சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் 2011 முதல் நாடெங்கும் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை நிறுவியது. கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் போன்றவை வந்தபின் இந்த அளவீடுகளின் அருமை கூடியிருக்கிறது. மேக நிழல் பலகைகள்மேல் படர்ந்தால் உற்பத்தி சட்டென்று சரியும். மின்கட்டமைப்பு அந்தப் பள்ளத்தை உடனே நிரப்பியாக வேண்டும். சற்று இடைவெளிவிட்டு வைத்த இரண்டு கேமராக்கள் மேகத்தின் உயரத்தையும் போகும் திசையையும் கணித்து, நிழல் எப்போது எங்கே விழும் என்று சில நிமிடங்கள் முன்னதாகச் சொல்லிவிடும். அதற்கு மேல் போனால் கணிப்பு நழுவும். திரள்மேகம் காற்றோடு நகர்வதோடு நிற்பதில்லை, போகும் வழியிலேயே பிறக்கவும் கரையவும் செய்கிறது.