பிடியை விடுவிக்கும் வித்தை

நிலாவெளி அமைந்த நம் கிழக்கு மாகாணத்து முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் பழைய தற்காப்புக் கலைகள். இன்றோ அவற்றைப் பெரும்பாலும் கல்யாண ஊர்வலங்களிலும் விழாக்களிலுமே காண்கிறோம்.

ஜியு-ஜிட்சுவுக்கும் இதே கதைதான். 1914இல் ஜப்பானியரான மயேதா பிரேசிலுக்குக் கொண்டுசென்ற கலை, பின்னாளில் புள்ளிக்கான போட்டியாக வளர்ந்தது. பிடி விடுவிக்கும் பழைய பாடங்கள் பல பள்ளிகளில் பின்தள்ளப்பட்டன. சில பள்ளிகளோ அவற்றையே முதற்பாடமாகக் கற்பிக்கின்றன.

அதில் ஒன்றைக் கேளுங்கள். மணிக்கட்டைப் பிடித்தவனின் பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடமே பிடியின் பலவீனம். முழங்கையை மடித்து, அவ்வழியே கையைச் சட்டென்று உருவ வேண்டும்; உடனே ஓடிச் சத்தமிட வேண்டும்.

கம்பு சுழல்வதைப் பார்த்து மகிழும் நாம், பெண்பிள்ளைக்கு இதையாவது பழக்கியிருக்கிறோமா? உம்மாவே முதல் ஆசிரியையாகலாம். சிந்தியுங்கள்!