கரையைத் தள்ளும் வளைவுப் பாலம்

ஜொகூர் பாருவில் கட்டுமானப் பொறியாளராகப் பணிபுரியும் நான், வார இறுதியில் படிவம் 5 மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். "சார், செனாய்-டெசாரு நெடுஞ்சாலையின் ஜொகூர் ஆற்றுப் பாலத்தை வளைவாகக் கட்டியிருக்கலாமே?" என்று ஒரு மாணவி கேட்டார்.

2011இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மையப் பகுதியைக் கேபிள்கள் தாங்குகின்றன. அங்கு இரு கோபுரங்களுக்கு இடையிலான தூரம் 500 மீட்டர். வளைவுப் பாலத்தின் கதை வேறு. அது பாரத்தைக் கீழே இறக்குவதோடு, கரைகளைப் பக்கவாட்டிலும் தள்ளும்.

எவ்வளவு தள்ளும்? 100 மீட்டர் நீள வளைவு, மீட்டருக்கு 10 டன் பாரம் என்று கொள்வோம். ஒவ்வொரு முனையிலும் கீழ்நோக்கி 500 டன் இறங்கும். பக்கவாட்டு விசைக்கு, பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வளைவின் உயரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். உயரம் 20 மீட்டர் என்றால் 625 டன். 10 மீட்டர் என்றால் 1,250 டன். வளைவு தட்டையானால் கரைக்குச் சுமை கூடும்.

ஜம்மு-காஷ்மீரில் 2025இல் திறக்கப்பட்ட செனாப் ரயில் பாலத்தின் வளைவு 467 மீட்டர். அதைத் தாங்குவது மலைப்பாறை. முகத்துவாரக் களிமண்ணில் அதே வளைவை ஊன்றினால் முனைகள் விலகும், வளைவு தொய்யும். அங்கே இரு முனைகளையும் வில்லின் நாண் போல இழுத்துக் கட்டலாம். ஆனால் 500 மீட்டருக்கு அந்த நாண் மிகக் கனமாகிவிடும். அத்தகைய தூரத்துக்குப் பெரும்பாலும் கேபிள் பாலமே சிக்கனம்.

நெல்லையில் தாமிரபரணியின் குறுக்கே சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் 1843இல் திறக்கப்பட்டது. அதில் தலா 60 அடியில் 11 வளைவுகள். அடுத்தடுத்த வளைவுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுவதால், நடுத் தூண்களில் பக்கவாட்டு விசை பெரும்பாலும் சமமாகிவிடும். மிச்சத்தைத் தாங்குபவை இரு கரைகளே.

மாணவர்களே, எஸ்.பி.எம். முடித்துக் கட்டுமானப் பொறியியல் படிக்க விரும்பினால், பாலத்தின் அழகை ரசிக்கும் முன் மண் பரிசோதனை அறிக்கையைப் படிக்கப் பழகுங்கள். இன்றே ஓர் அட்டைத் துண்டை வளைத்து இரு புத்தகங்களுக்கு இடையே நிறுத்தி, மேலே அழுத்துங்கள். புத்தகங்கள் நகரும். பிறகு அட்டையின் முனைகளை நூலால் கட்டி மீண்டும் அழுத்துங்கள். வித்தியாசம் உங்கள் விரலுக்கே தெரியும்.